விழித்திரைப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது

கண்ணாடிக் கடையில் தாடையை மேடையில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார்ந்தால், கருவிக்குள் ஒரு நீண்ட சாலையும் அதன் கடைசியில் ஒரு வண்ணப் பலூனும் தெரியும். படம் மங்கும், தெளியும், மறுபடி மங்கும். சில நொடிகளில் ஒரு சீட்டு வந்து விழும். ‘கம்ப்யூட்டர்ல கண் பாத்தாச்சு’ என்று திருப்தியோடு வீட்டுக்கு வருகிறோம். அந்தக் கருவி அளந்தது கண்ணாடியின் பவரை மட்டும்தான். கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் விழித்திரையை, அதாவது ரெட்டினாவை, அது பார்க்கவே இல்லை. சுகர் உள்ள ஒருவர் வருஷம் தவறாமல் இந்தச் சோதனையைச் செய்து, கண்ணாடியையும் மாற்றிக்கொண்டு, விழித்திரையை ஒரு தடவைகூடக் காட்டாமல் பத்து வருஷத்தை ஓட்டிவிட முடியும். ஓட்டிய பிறகு ஒரு நாள் காலையில் கண்ணுக்குள் கறுப்புப் புகை மாதிரி எதுவோ மிதக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

விழித்திரைப் படம் எடுப்பது வேறு கருவி. ஃபண்டஸ் கேமரா என்று பெயர். இதிலும் தாடையை வைத்துத்தான் உட்கார வேண்டும். உள்ளே தெரியும் சிறிய பச்சைப் புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள். ‘ஒரு தடவ கண்ணச் சிமிட்டுங்க, இப்போ நல்லா திறங்க’ என்றதும் பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்கும். கொஞ்ச நேரம் கண்ணுக்குள் வண்ணத் திட்டுகள் நிற்கும், அப்புறம் தானாகப் போய்விடும். வலி கிடையாது. இது வெறும் வெளிச்சம், எக்ஸ்ரே கதிர் அல்ல. கர்ப்பிணிகள் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் விழித்திரையைக் கட்டாயம் காட்ட வேண்டும். கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகம் எடுக்கக்கூடும்.

உயிரோடு இருக்கும் ஒருவருடைய கண்ணின் உட்புறத்தை மருத்துவர்கள் தெளிவாகப் பார்க்கத் தொடங்கியது 1851-இல், ஜெர்மனி விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் ஆஃப்தால்மோஸ்கோப் கருவியை வெளியிட்ட பிறகு. அதுவரை பார்வை போனவரின் கண்மணி வெளியிலிருந்து கறுப்பாகவே தெரியும். உள்ளே என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. மனித விழித்திரையை 1886-இல் முதன்முதலாகப் படம் பிடித்தார்கள். 1926 வாக்கில் ஸைஸ் நிறுவனத்தின் கேமரா வந்தது. இன்று மொபைல் போனோடு இணைத்து கிராம முகாமில்கூட எடுக்கிறார்கள்.

அந்தப் படத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய வட்டம். அதில் ஒரு பக்கமாக வெளிர் மஞ்சளில் சின்ன வட்டு ஒன்று இருக்கும். பார்வை நரம்பு கண்ணை விட்டு மூளைக்குக் கிளம்பும் இடம் அது. வழக்கமான படத்தில் அந்த வட்டு வலப்பக்கம் இருந்தால் வலது கண், இடப்பக்கம் இருந்தால் இடது கண். அங்கிருந்து ரத்தக் குழாய்கள் மேலும் கீழுமாக வளைந்து கிளை விடும். மெல்லியதாக, சற்று வெளிறிய சிவப்பில் ஓடுபவை தமனிகள். கொஞ்சம் தடித்துக் கருத்தவை சிரைகள். இரண்டு வளைவுகளுக்கும் நடுவே லேசாகக் கருத்துத் தெரியும் இடம் மேக்குலா. இந்த வரியை நீங்கள் படிப்பது அந்தச் சிறு இடத்தின் தயவால்தான். உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக் குழாய்களை நேருக்கு நேர் பார்க்க நமக்கு வாய்த்த இடம் இது. அதனால்தான் சுகரும் பிரஷரும் உடம்பில் செய்கிற வேலை இங்கே முன்கூட்டியே கண்ணில் படுகிறது.

சர்க்கரை கூடிய ரத்தம் வருஷக்கணக்கில் ஓடும்போது விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்கள் பலம் இழக்கின்றன. அங்கங்கே புடைக்கும். படத்தில் அது ஊசிமுனை அளவு செம்புள்ளி. மைக்ரோ அனியூரிசம் என்று ரிப்போர்ட்டில் வரும். பிறகு குழாய் கசியும், ரத்தத் திட்டுகள் தோன்றும், கொழுப்பு மஞ்சளாகப் படியும். கசிவு மேக்குலாவில் தேங்கினால் வீக்கம். இன்னொரு பக்கம் சில குழாய்கள் அடைபட்டு, ரத்தம் போதாத விழித்திரை புதுக் குழாய்களை வளர்க்கத் தொடங்கும். நல்லதுதானே என்று தோன்றலாம். அவை பலவீனமான குழாய்கள். சின்ன அசைவில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், இல்லாவிட்டால் தழும்பாகி விழித்திரையைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிடும்.

இதில் மிகவும் கவலைக்குரிய செய்தி, இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே பார்வை 6/6 என்று இருக்கலாம் என்பது. புதுக் குழாய்கள் வளர்ந்துவிட்ட நிலையிலும் நாளிதழைத் தங்குதடையில்லாமல் படிக்கிறவர்கள் உண்டு. ‘எனக்குக் கண் நல்லாத்தானே தெரியுது’ என்ற பேச்சு விழித்திரை விஷயத்தில் எதையும் நிரூபிப்பதில்லை. கண் தெரியாமல் போன பிறகு வருவதைவிட, தெரிகிறபோதே வருகிறவருக்கு மருத்துவர் செய்யக்கூடியது மிக அதிகம். உரிய கட்டத்தில் லேசர் செய்தால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று 1970-களிலேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. மேக்குலா வீக்கத்துக்கு இப்போது கண்ணுக்குள் போடும் ஊசிகள் இருக்கின்றன. சிகிச்சை கையில் இருக்கிறது. ஆளைச் சரியான நேரத்தில் கண்டுபிடிப்பதில்தான் நாம் பின்தங்குகிறோம்.

இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் இது புரியும். அங்கே 2003 முதல், 12 வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகள் எல்லாருக்கும் அரசுச் செலவில் விழித்திரைப் படம் எடுக்கும் திட்டத்தைக் கட்டி எழுப்பினார்கள். வீட்டுக்குக் கடிதம் வரும். போனால் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு படம் எடுப்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புப் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. ஐம்பது வருஷமாக முதலிடத்தில் இருந்த சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்பு 2009–10 பதிவுகளில் முதலிடத்தை விட்டு இறங்கியிருந்தது. சர்க்கரை நோயாளிகள் குறையவில்லை, கூடியிருந்தார்கள். மேலான சர்க்கரைக் கட்டுப்பாட்டோடு இந்தப் படத் திட்டமும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நம் நாட்டில் 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். நாற்பது வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு விழித்திரைப் பாதிப்பும், நான்கு பேருக்குப் பார்வையைப் பறிக்கக்கூடிய நிலையும் இருப்பதாக 2022-இல் வெளியான பல மாநில ஆய்வு சொல்கிறது. கடிதம் போட்டு அழைக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. ஆகவே தேதியை நாமேதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டைப் 2 சர்க்கரை என்றால் நோய் கண்டுபிடித்த உடனேயே முதல் படம். எத்தனை வருஷமாக அது சொல்லாமல் உள்ளே இருந்தது என்று தெரியாது என்பதுதான் காரணம். டைப் 1 என்றால் கண்டுபிடித்த ஐந்து வருஷத்துக்குள். அப்புறம் பொதுவாக வருஷம் ஒரு தடவை. பாதிப்பு இருந்தால் மருத்துவர் சொல்கிற இடைவெளியில்.

ரிப்போர்ட்டில் வரும் சுருக்கெழுத்துகளைப் பார்த்து மிரள வேண்டாம். ‘என்பிடிஆர்’ என்றால் புதுக் குழாய்கள் இன்னும் வளராத கட்டம். அதற்கு முன்னால் மைல்டு, மாடரேட், சிவியர் என்று ஒரு சொல் இருக்கும். மைல்டு என்றால் பெரும்பாலும் கண்ணுக்குத் தனி சிகிச்சை தேவைப்படாது. சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பதுதான் சிகிச்சை. சிவியர் என்று இருந்தால் அடுத்த வருஷம் வரை காத்திருக்கக் கூடாது, சில மாதங்களிலேயே திரும்பப் பார்க்க வேண்டும். ‘பிடிஆர்’ என்றால் புதுக் குழாய்கள் வளர்ந்துவிட்டன, தாமதிக்காமல் விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும். ‘டிஎம்இ’ என்பது மேக்குலா வீக்கம். ‘அன்கிரேடபிள்’ என்று போட்டிருந்தால் படம் தெளிவாக இல்லை, எதுவும் சொல்ல முடியவில்லை என்று பொருள். பலர் இதை ‘ஒண்ணுமில்லை’ என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கண்புரையோ சுருங்கிய கண்மணியோ இருந்தால் படம் இப்படி மங்கலாக வரும், வயதான சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டுமே சகஜம். அவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

சொட்டு மருந்து என்றதும் பலருக்கு அலுப்பு. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் படிக்க முடியாது, வெயில் கூசும், வண்டி ஓட்ட முடியாது. ‘சொட்டு மருந்து வேணாம், படம் மட்டும் எடுத்தா போதுமே’ என்று கேட்கிறோம். இங்கேதான் படத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான ஃபண்டஸ் கேமரா ஏறத்தாழ 45 பாகை அகலத்தைத்தான் பிடிக்கும். மேக்குலா, பார்வை நரம்பு, அவற்றைச் சுற்றிய இடம் எல்லாம் அதில் வந்துவிடும். விழித்திரையின் ஓரங்கள் வராது. விழித்திரை கிழியத் தொடங்குவதோ பெரும்பாலும் ஓரத்தில்தான்.

ஸ்காட்லாந்தில் டக்ளஸ் ஆண்டர்சன் என்பவருடைய ஐந்து வயது மகனுக்கு, கண் பரிசோதனைகள் தொடர்ந்து நடந்துவந்தும், விழித்திரை பிரிந்தது சரியான நேரத்தில் கண்ணில் படவில்லை. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. அந்த வேதனையில் அவர் 1992-இல் தொடங்கிய ஆப்டோஸ் நிறுவனம், கண்மணியை விரிக்காமலேயே விழித்திரையின் மிகப் பெரும் பகுதியை ஒரே படத்தில் பிடிக்கும் அகலப்பட கேமராவைக் கொண்டுவந்தது. பெரிய கண் மருத்துவமனைகளில் இப்போது இத்தகைய கேமராக்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கும், அசையாமல் உட்கார முடியாதவர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் அதன் வண்ணம் லேசர் ஒளியால் உருவாவது, இயல்பான நிறம் அல்ல. மேலும் கீழும் இமைமுடி மறைக்கும். விளிம்புகள் இழுபட்டுத் தெரியும். ஓரத்தில் கிழிசல் இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால், மருத்துவர் கண்மணியை விரித்து, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸைப் பிடித்துப் பார்ப்பதுதான் இன்றும் நம்பகமான வழி. திடீரென்று மின்னல் வெட்டுவது போல ஒளி, புதிதாகக் கொத்துக் கொத்தாய்ப் புள்ளிகள் மிதப்பது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல இருட்டு — இதில் எது இருந்தாலும் போன மாதம் எடுத்த படம் நார்மல் என்று சும்மா இருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

சொட்டு மருந்து விட்ட நாளில் துணைக்கு ஆள் அழைத்துப் போங்கள், கூலிங் கிளாஸ் எடுத்துப் போங்கள். வெகு சிலருக்கு, கண்ணின் முன்பக்கக் கோணம் குறுகலாக இருந்தால், மருந்துக்குப் பிறகு கண் அழுத்தம் சட்டென்று ஏறலாம். கடுமையான வலி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வளையம், வாந்தி வந்தால் வீட்டில் படுத்துப் பார்க்காமல் உடனே திரும்பிப் போக வேண்டும். மருந்து விடும் முன்பே ‘கோணம் பாத்தீங்களா டாக்டர்’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்து ஓசிடி. 1991-இல் அமெரிக்காவில் முதன்முதலாக வெளியானது இந்த முறை. இதுவும் ஒளியால்தான். ஃபண்டஸ் படம் தரையை மேலிருந்து பார்ப்பது என்றால், ஓசிடி கிணறு தோண்டிய பள்ளத்தின் பக்கச் சுவரில் மண் அடுக்கடுக்காகத் தெரிவது மாதிரி விழித்திரையைக் காட்டும். விழித்திரையின் மொத்தத் தடிமனே மையத்தில் கால் மில்லிமீட்டர் அளவுதான். இன்றைய கருவிகள் அதற்குள் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வித்தியாசத்தைக்கூடப் பிரித்துக் காட்டுகின்றன. மேக்குலாவில் வீக்கம் இருக்கிறதா, ஊசி போட்ட பிறகு வடிந்ததா என்று தெரிந்துகொள்ள இதற்கு ஈடு இல்லை. அதே சமயம் ஓசிடி எடுத்தாயிற்று, ஃபண்டஸ் படம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஓசிடி வெட்டிக் காட்டுவது சிறிய இடத்தை. அதற்கு வெளியே இருக்கும் ரத்தத் திட்டு அதில் வராது. கையில் ஊசி வழியாக மஞ்சள் சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராம் இன்னொன்று. எங்கே கசிகிறது, எங்கே ரத்தம் போகவில்லை என்று அது காட்டும். ஒரு நாளைக்குத் தோல் மஞ்சளாகவும் சிறுநீர் அடர் ஆரஞ்சாகவும் இருக்கும், சிலருக்குக் குமட்டும், அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வரலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கண் அழுத்த நோயான குளுக்கோமாவுக்கும் ஓசிடி எடுக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டிருக்கும். சிவப்பைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். கருவி தன்னிடம் உள்ள ஆரோக்கியமானவர்களின் அளவுகளோடு உங்கள் நரம்பிழையின் தடிமனை ஒப்பிட்டு நிறம் தருகிறது, அவ்வளவுதான். கிட்டப்பார்வைக்குப் பெரிய மைனஸ் பவர் போடுகிறவர்களுக்கு நோய் இல்லாமலே சிவப்பு வரும். நோய் இருந்தும் பச்சை வருவதுண்டு. கண் அழுத்தம், நரம்பின் தோற்றம், பக்கவாட்டுப் பார்வைச் சோதனை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு. நிறத்தை மட்டும் வைத்து அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தை ஆயுசுக்கும் ஆரம்பிக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நியாயம்.

சர்க்கரை இல்லாத ஒரு கூட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்கோ லூபஸ் என்ற நோய் எதிர்ப்புக் கோளாறுக்கோ ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள். நல்ல மருந்துதான். நீண்ட காலம் சாப்பிட்டால் மேக்குலாவைச் சுற்றிப் பாதிப்பு வரக்கூடும், வந்தால் திரும்பாது. தொடங்கிய முதல் வருஷத்தில் ஒரு அடிப்படைப் பரிசோதனை, ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் ஓசிடியும் பார்வைப் பரப்புச் சோதனையும் என்பது அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல். மூட்டு வைத்தியர் மாத்திரை எழுதுகிறார், கண் வைத்தியர் கண்ணாடி எழுதுகிறார். இரண்டு பேருக்கும் நடுவே இந்தத் தகவல் விழுந்துவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க நோயாளியால்தான் முடியும்.

இப்போது படத்தைக் கம்ப்யூட்டரே படித்துச் சொல்கிறது. இதில் நம்மூருக்குப் பெரிய பங்கு உண்டு. கூகுள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா மூன்றின் படங்களும் இருந்தன. மருத்துவர் குறுக்கிடாமல் தானே முடிவு சொல்லும் முதல் கருவிக்கு அமெரிக்கா 2018 ஏப்ரலில் அனுமதி தந்தது. அதே வருஷம் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வில், போனில் எடுத்த படங்களைப் படித்த மென்பொருள், பார்வையைப் பறிக்கும் பாதிப்புள்ளவர்களில் 99 சதவீதம் பேரைப் பிடித்துவிட்டது. அந்த நிலை இல்லாதவர்களிலோ ஐந்தில் ஒருவரை வீணாக ‘போய்க் காட்டுங்கள்’ என்றது. முகாமில் தவறினால் இந்தப் பக்கம் தவறுவதுதான் சரி: தவறவிடுவதைவிட வீண் அலைச்சல் மேல். ஆகவே முகாமில் ‘ரெஃபர்’ என்று வந்தால் கண் போச்சு என்று பொருளல்ல, போய்க் காட்டாமல் இருக்கவும் கூடாது. தாய்லாந்தின் சிறு மருத்துவமனைகளில் கூகுள் மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தபோது ஐந்தில் ஒரு படத்தைத் தெளிவில்லை என்று அது ஒதுக்கியது. நர்ஸுகள் நெருக்கடியான அறைகளில், போதுமான இருட்டில்லாமல் எடுத்த படங்கள் அவை. இன்னொன்று, சர்க்கரைப் பாதிப்பைத் தேடப் பழக்கிய மென்பொருள் அதை மட்டுமே தேடும். குளுக்கோமாவையோ கட்டியையோ பற்றி அது வாய் திறக்காது.

விழித்திரைப் படத்திலிருந்து வயது, பாலினம், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றை ஓரளவு கணிக்கலாம் என்று 2018-இல் இன்னோர் ஆய்வு வந்தது. வியப்பான விஷயம்தான், எதிர்காலத்தில் பயன்படவும் கூடும். இதைச் சொல்லி ‘கண் படத்தில் இதய நோய் கண்டுபிடிக்கிறோம்’ என்று பேக்கேஜ் விற்பவர்களிடம் இன்றைக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்பேன். அந்தக் காசுக்கு பிரஷரையும் கொழுப்பையும் நேரடியாகவே பார்த்துவிடலாம்.

படம் எடுத்ததும் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். போனிலாவது அனுப்பச் சொல்லுங்கள். போன வருஷப் படமும் இந்த வருஷப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் புதிதாக வந்த புள்ளி எது என்று மருத்துவரால் சொல்ல முடியும். ஓசிடி தாளில் கருவியின் பெயர் அச்சிட்டிருக்கும். அது தெரியும்படி பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தடிமனை வெவ்வேறு கோட்டிலிருந்து அளக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியில் 250 மைக்ரான், அடுத்த மாதம் வேறோர் ஆஸ்பத்திரியில் 275 என்று வந்தால், வீக்கம் கூடிவிட்டது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே கருவியில் எடுங்கள். இடம் மாற வேண்டி வந்தால் பழைய தாள்களை எல்லாம் ஃபைலோடு கொண்டுபோய், புது மருத்துவர் பேச்சைத் தொடங்கும் முன்பே மேசையில் வைத்துவிடுங்கள்.